மேல்தண்ணீர்

எங்கள் பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பார்க்கவே பயமாக இருக்கும். உடுமலைப்பேட்டைக்கு வடக்கே நான் வாக்கப்பட்டுப் போன தோட்டத்தில் கிணறு தொண்ணூறு அடி. பாறைக்கு வேட்டு வைத்து, கிரேனில் கல்லைத் தூக்கிக் கொட்டி, மூன்று தலைமுறையாகத் தோண்டியது. அது வற்றியபோது பக்கவாட்டில் துளை போட்டார்கள். அதுவும் வற்றியபோது கிணற்றுக்குள்ளேயே போர் இறக்கினார்கள். கடைசியில் வெறும் வெள்ளைத் தூசி வந்தது. தண்ணீர் இல்லையென்றால் இன்னும் ஆழம் போக வேண்டும் என்பது ஒன்றுதான் எங்களுக்குத் தெரிந்த வழி. சாமிக்கு நேர்ந்துகொள்வதுகூட அதற்கு அப்புறம்தான்.

இந்தப் புத்தியையும் மூட்டை கட்டிக்கொண்டு கடலோரத்துக்குப் போய், எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தவளின் கிணற்றைக் கெடுத்துவிட்டுத் திரும்பி வந்தோம். கெடுத்தோம் என்று பன்மையில் எழுதுவது எனக்கு வசதியாக இருக்கிறது. ஆழம் இறக்கியது என் வீட்டுக்காரர். ஆனால் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான். இதை அவரிடம்கூடச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கொழுந்தன்மார் பாகம் பிரித்ததில் எங்களுக்கு வந்தது காய்ந்த மானாவாரிக் காடு. கோயம்புத்தூரில் பம்பு செட் கம்பெனி வைத்திருந்த அவருடைய பெரியப்பா மகன், சென்னைக்குத் தெற்கே கடற்கரை கிராமம் ஒன்றில் நாலு ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தார். வாங்கின வேகத்தில் ஆசை தீர்ந்துவிட்டது. நீ வேண்டுமானால் தென்னை வைத்துக்கொள்ளடா என்று இவரிடம் தள்ளிவிட்டார். இவர் ஒரு வாரம் யோசித்தார். யோசிக்க என்ன இருக்கிறது என்று நான்தான் விரட்டினேன். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடி ஓடி எனக்குச் சலித்துப்போயிருந்தது.

“கடலுக்குப் பக்கத்துல தண்ணிக்கு என்னம்மிணி பஞ்சம் வரப்போகுது” என்று அவரே கடைசியில் சொல்லிக்கொண்டார். இருநூறு தென்னங்கன்றையும், ஒரு கோயம்புத்தூர் மோட்டாரையும், எங்கள் காட்டுத் துவரையில் செம்மண் பூசிக் காயவைத்து உடைத்த பருப்பு ஒரு மூட்டையையும் லாரியில் ஏற்றினோம். அந்தப் பருப்பு இல்லாமல் நான் எங்கேயும் குடித்தனம் பண்ண மாட்டேன். அப்படி ஒரு கர்வம்.

பட்டணத்து பஸ் திரும்பிப் போகிற இடத்திலிருந்து இன்னொரு பஸ் பிடித்து முக்கால் மணி நேரம் தெற்கே போக வேண்டும். ரோட்டுக்கு ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மறு பக்கம் வேர்க்கடலைக் கொல்லை, அதைத் தாண்டி உப்பங்கழி. கால் வைத்த இடமெல்லாம் மணல். பட்டணம் அப்போது அங்கே வந்து சேர்ந்திருக்கவில்லை. மனை விற்பனைக்கு என்று வெள்ளைக் கல் நட்ட கொல்லைகள் மட்டும் ஒன்றிரண்டு தெரிந்தன.

சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கொல்லையிலிருந்து ஒருத்தி சொம்போடு வந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள் இருப்பாள். மல்லிகை போட்டு, பறித்த பூவை விடியற்காலை பஸ்ஸில் பட்டணத்துக்கு அனுப்புகிறவள். புருஷன் பட்டணத்தில் கட்டட வேலை, வாரத்துக்கு ஒருநாள் வருவான். அதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவள் எந்த ஊர், என்ன ஜாதி, எத்தனை நாள் இருப்பீர்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. முதலில் தண்ணீரைக் கொடுத்தாள். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். வந்தவர்களுக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர், பேச்செல்லாம் அதற்குப் பிறகு. அந்த மரியாதை எங்களோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குடித்துப் பார்த்தேன். தித்தித்தது. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இப்படி ஒரு தண்ணீரா என்று இன்னொரு சொம்பு கேட்டேன்.

“தேங்க்ஸுங்க அம்மணி” என்றேன். அவள் யாரைச் சொல்கிறேன் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். அம்மணி என்று அவளை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லையாம். ரொம்ப நாளைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவளுடைய கிணற்றைப் பார்த்தபோது நான் சிரித்தேன். சிமெண்டு உறை இறக்கிய கிணறு. மொத்தமே பன்னிரண்டு அடி. எங்கள் ஊரில் எருக்குழி அதைவிட ஆழமாக இருக்கும். ஆனால் குனிந்தால் தண்ணீர் தெரிந்தது. அந்தக் குப்பத்திலேயே அதுதான் குடிக்க நல்ல தண்ணீர். காலையில் பத்துப் பதினைந்து பெண்கள் குடத்தோடு வருவார்கள். ஒன்பது மணிக்கு மேல் கயிற்றைச் சுருட்டிவிடுவாள். சாயங்காலம்தான் மறுபடி இறைப்பாள். மல்லிகைக்கும் குடத்தில் மொண்டு வேரில் ஊற்றுவாளே தவிர இன்ஜின் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, நல்ல தண்ணீர் மேலாக மிதக்கிறது, அடியில் இருப்பது கடல், மேல்தண்ணீரை மட்டும் மெதுவாக எடுத்து ஊறவிட வேண்டும் என்றாள். கேட்டுக்கொண்டேன். ஆழம் தோண்டச் சோம்பல்படுகிறவர்களுக்கு ஒரு காரணம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

முதல் வருஷம் எங்களுக்குக் கிணறில்லை. வீட்டுக்கும் கன்றுக்கும் அவள் தண்ணீர்தான். எனக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்தபோது எங்கள் வீட்டுக்குச் சேர்த்து அவளே இறைத்து, கீழாநெல்லியும் அரைத்துக்கொண்டு வந்து, வாயில் ஊற்றிவிட்டுப் போவாள். எனக்குக் கூடப்பிறந்த பெண்கள் கிடையாது. இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று அப்போது நினைத்தேன்.

இரண்டாவது வருஷம் நாங்களும் பன்னிரண்டு அடியில் ஒரு உறைக்கிணறு போட்டோம். அவள் கிணற்றுக்கும் எங்கள் கிணற்றுக்கும் நாற்பது தப்படி இருக்கும். ஐப்பசி மழையில் ததும்பியது. பங்குனி முடிந்து சித்திரை பிறந்தபோது மோட்டார் போட்டுக் கால் மணியில் காற்று இழுத்தது. இருநூறு கன்றும் குருத்து சுருண்டு நின்றன. அவருக்கு அதைப் பார்க்க முடியவில்லை. ஒருமுறை நிலம் காய்ந்து ஊரைவிட்டு வந்த மனிதருக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

கிணற்றுக்குள் போர் இறக்குவது என்று முடிவு செய்தோம். உள்ளூரில் கையால் குழாயைத் திருகி இறக்கும் ஆட்கள் இருந்தார்கள். இருபது அடிக்கு மேல் இறக்க மாட்டோம் என்றார்கள். காசு கூடக் கொடுக்கிறோம் என்றாலும் மாட்டோம் என்றார்கள். இவர் ஊருக்குக் கடுதாசி போட்டு, எங்கள் கிணற்றில் வேலை செய்த இருவரை வரவழைத்தார். அவர்கள் இரும்புக் குழாயோடு வந்து இறங்கிய அன்று பக்கத்து வீட்டுக்காரி பூ பறிப்பதை விட்டுவிட்டு வந்தாள்.

“வாணாம்க்கா. கீழ போவாத. கடல் ஏறிடும்” என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்பது ஒரு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. “எங்கூர்ல வந்து கெணத்தப் பாருங்க அம்மணி. தொண்ணூறு அடிக் கெணத்துக்குள்ள எறங்கி வேல செஞ்சவீங்க இவுங்க. பன்னெண்டு அடியில உக்காந்துட்டு எங்களுக்குத் தண்ணியப் பத்திச் சொல்லித் தராதீங்க.”

மரியாதையாகத்தான் சொன்னேன். எங்கள் ஊரில் எவ்வளவு கோபமாகத் திட்டினாலும் கடைசியில் ஒரு ‘ங்க’ இருக்கும். அவள் பூக்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

களிமண்ணைத் தாண்டி அறுபது அடியில் தண்ணீர் பீறிட்டது. வாயில் விட்டுப் பார்த்தால் தித்திப்பு. இவர் ஈரத் துண்டோடு நின்று அழுதார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கிணற்றடியில் பொங்கல் வைத்தோம். முதல் குடத்தை நானே அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று காட்டப் போனேன். அவள் ஒரு வாய் குடித்து, நல்லா இருக்குதுக்கா என்றாள். அதற்குப் பிறகு மோட்டார் காலை ஆறு மணிக்கு ஓட ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை ஓடியது. ஒரு வாரத்தில் கன்றுகள் குருத்தை விரித்தன.

இருபது நாள் போயிருக்கும். ஒருநாள் பருப்பு வேகவில்லை.

எங்கள் காட்டுப் பருப்பு ஒரு கொதியிலேயே மலர்ந்துவிடும். அன்றைக்கு ஒரு மணி நேரம் எரித்தும் கல்லாகக் கிடந்தது. சோடா உப்பைப் போட்டுப் பார்த்தேன். மறுநாளும் அப்படியே. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊரிலிருந்த ஓரகத்திக்கு ஒரு இன்லண்ட் கடுதாசி எழுதினேன். பாகத்தில்தான் ஏமாற்றினீர்கள், பருப்பிலுமா பழசைக் கலந்து தள்ளிவிட்டீர்கள் என்று இடம் விடாமல், ஓரத்து மடிப்பிலும் எழுதினேன். தபால்காரரிடம் கொடுத்து அனுப்பிய பிறகுதான் நாக்கு உறுத்த ஆரம்பித்தது. காலையில் குடித்த காப்பியில் ஏதோ கரித்தது. பால் சரியில்லை என்று பால்காரியையும் திட்டியிருந்தேன்.

மறுநாள் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மோட்டார் ரிப்பேர், ஒரு குடம் தண்ணீர் வேண்டும் என்றேன். கிணற்றடியில் பொங்கல் வைத்த பிறகு நான் அவளிடம் தண்ணீர் கேட்டது அதுதான் முதல் முறை. ஒன்றும் கேட்காமல் மொண்டு கொடுத்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, அதே மூட்டையிலிருந்து ஒரு பிடி பருப்பை அதில் போட்டேன். உலை கொதித்துப் பத்து நிமிஷத்தில் மலர்ந்துவிட்டது.

அடுப்பு முன்னால் கரண்டியோடு உட்கார்ந்திருந்தேன். அப்போதே எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தியிருக்க வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கன்றுகள் பச்சையாக நின்றன. இவர் ஒவ்வொன்றாகப் பாத்தி ஒதுக்கித் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வாயில் ஏதோ பாட்டு. ஊரில் இருந்தவரை அவர் பாடி நான் கேட்டதில்லை. இன்னும் பத்து நாள், ஒரு கோடை மழை விழுந்துவிட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வெந்த பருப்பை அவருக்குப் போட்டேன். பருப்பு இன்னைக்கு நல்லா இருக்குது அம்மிணி என்று இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

மழை வரவில்லை. பத்து நாளும் மோட்டார் ஓடியது. கரிப்பு நாளுக்குக் கொஞ்சமாக ஏறியதில் அவர் நாக்குக்கு உறைக்கவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்ததும் வாய் வராது.

பதினோராவது நாள் காலையில் குடத்தோடு வந்த பெண்கள் அவள் கிணற்றடியில் பேசாமல் நின்றார்கள். வழக்கமாக அங்கே பேச்சும் சண்டையுமாக இருக்கும். ஒருத்தி வாயில் விட்டுத் துப்பினாள். இன்னொருத்தி துப்பினாள். என் கிணற்றில் ஏறிய உப்பு நாற்பது தப்படி நடந்து அங்கே போய்விட்டிருந்தது.

ஊர்க்காரர்கள் வந்தார்கள். அடிக்க வருவார்கள் என்று பயந்தேன். அவர்கள் மோட்டாரை நிறுத்தச் சொல்லி மட்டும் கேட்டார்கள். இவர் கிணற்றில் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. ஓடிப்போய் ஸ்விட்சை நிறுத்திவிட்டு, வந்தவர்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “நாந்தானுங்க எறக்குனேன். நீங்க சொன்னத நாந்தானுங்க கேக்கல” என்றார். அவள் என்னிடம்தான் சொன்னாள், கேட்காதது நான். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வரவில்லை.

அன்றைக்கே போரில் மணலும் சிமெண்டும் கொட்டி மூடினார். இரண்டு மழை பெய்தால் சரியாகலாம் என்றார்கள். இரண்டு மழையும் பெய்தது. கரிப்புக் குறைந்ததே தவிரப் போகவில்லை. குப்பத்துப் பெண்கள் ரோட்டைத் தாண்டி ஒன்றரை மைல் நடந்து, கோயில் குளத்துப் பக்கத்துக் கிணற்றில் எடுத்துவர ஆரம்பித்தார்கள். அவள் மல்லிகை முதலில் இலை விளிம்பில் கருகியது. பிறகு மொக்கு சிறுத்தது. பிறகு ஒருநாள் வேரோடு பிடுங்கி அடுப்புக்குப் போட்டுவிட்டாள். இலை கருகினாலும் தண்டில் பச்சை இருக்கிற செடி எரியாது, புகைந்துகொண்டே இருக்கும். எங்கள் வாசல்வரை அந்தப் புகை வந்தது.

எங்கள் தென்னைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு உப்புத் தாங்குமாம். இருநூறும் தளதளவென்று வளர்ந்தன. இவரால் அதைப் பார்க்க முடியவில்லை. வெளியிலிருந்து குடிதண்ணீர் கொண்டுவர என்னையும் விடவில்லை. ஊர்க்காரர்கள் நடந்து எடுக்கிற கிணற்றில் பங்கு கேட்க நமக்கு என்ன யோக்கியதை என்றார். அந்தக் கரிப்புத் தண்ணீரையே ஒன்றரை வருஷம் குடித்தார். நானும் குடித்தேன். பருப்பு மூட்டையை அவிழ்க்கவே இல்லை. வண்டு வைத்துப் போனது.

கடைசியில் பட்டணத்திலிருந்து ஒருவர் மனை போட வேண்டும் என்று வந்து கேட்டார். பெரியப்பா மகனைக் கேட்டுக்கொண்டு கொடுத்துவிட்டோம். கோயம்புத்தூரில் அவருடைய கம்பெனியில் இவருக்கு ஸ்டோரில் ஒரு வேலை. சாமான் முன்னால் போய்விட்டது. புறப்படுகிற அன்று இவர் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்துவிட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளும் தைரியம் அவருக்கு இல்லை. நான் அவள் வீட்டுக்குப் போனேன். நடுப்பகல். இவ்வளவு நாள் பார்த்தால் சிரிப்பாள், கேட்டால் பதில் சொல்லுவாள். முன்பு மாதிரி தானாக வந்து உட்காரமாட்டாள், அவ்வளவுதான். அவளிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றிருந்தது.

“உங்க கெணறு போறதுக்குப் பத்து நாளைக்கு முன்னாலயே எனக்குத் தெரியுமுங்க அம்மணி. தெரிஞ்சும் சொல்லாம இருந்துபோட்டேன்” என்றேன்.

அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“எனக்கும் தெரியும்க்கா. மோட்டார் ரிப்பேருன்னு வந்து தண்ணி கேட்ட பாரு, அப்போ உங்க மோட்டார் ஓடிக்கினு இருந்துச்சி. சத்தம் இங்க கேக்குது.”

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“அப்பவே ஊரக் கூட்டியிருக்கலாமுங்களே.”

“ஒருதரம் சொன்னேன், உனுக்குக் கோவம் வந்துச்சி. மறுபடி எப்புடிச் சொல்றது? உன் செடிங்களும் காஞ்சி கெடந்துச்சி. நாலு நாள்ல நீயே வந்து சொல்லிடுவன்னு இருந்தேன்” என்றாள். முறத்தைக் கீழே வைத்தாள். “தெனம் பாத்தேன்க்கா, வருவ வருவன்னு.”

நான் அழுதேன். அவள் அழவில்லை. தேற்றவும் இல்லை. எழுந்து உள்ளே போய், மூலையில் தட்டு போட்டு மூடியிருந்த பித்தளைக் குடத்தைச் சாய்த்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். ஊருக்குப் போகிறவர்களைத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புகிற பழக்கம் அவள் வீட்டில் கிடையாது. ஒன்றரை மைல் நடந்து எடுத்த தண்ணீர். வாங்கவும் கை வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒன்றரை வருஷமாக நல்ல தண்ணீர் படாத நாக்கு. ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டேன். இன்னும் வேணுமா என்று கேட்டாள். வேண்டும் என்று தலையாட்டிவிட்டேன். அதையும் கொடுத்தாள்.

பஸ் ஏறினேன். இவர் இடம் பிடித்து வைத்திருந்தார். சொல்லிட்டு வந்தாயா என்று கேட்டார். சொல்லிட்டேன் என்றேன். என்ன சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து இப்போது ஆறு வருஷம் ஆகிறது. தானே கெடுத்ததாக நினைத்துக்கொண்டே போனார்.

இங்கே கோயம்புத்தூரில் குழாயைத் திறந்தால் சிறுவாணித் தண்ணீர். அதன் ருசிக்கு ஈடில்லை என்று வருகிறவர்களெல்லாம் சொல்கிறார்கள். யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்பு கொடுத்துவிடுகிறேன். கொடுக்கும்போதெல்லாம் அந்தக் குடம்தான் கண்ணில் வருகிறது. இரண்டாவது சொம்புக்காக அவள் அதைத் தலைகீழாகச் சாய்க்க வேண்டியிருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முறத்தில் அரிசி அப்படியே இருந்தது. அன்றைக்கு உலை வைக்க அவள் அந்த வெயிலில் மறுபடி ஒன்றரை மைல் நடந்திருக்க வேண்டும்.